ட்ரேடிங்ல புதுசா இறங்குறவங்களுக்கு: எவ்வளவு பணம் போகலாம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

போன வாரம் எங்க கம்பெனி வாசல்ல டீ குடிச்சிட்டு இருக்கும்போது, புதுசா வேலைக்கு சேர்ந்த தம்பி ஒருத்தன் போனை நீட்டி "அண்ணா, இது பன்னெண்டு பர்சன்ட் கீழ இருக்குங்ணா, வித்தரட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டு ஆவரேஜ் பண்ணட்டுமா?"னு கேட்டான். நான் திருப்பி மூணு கேள்வி கேட்டேன். என்ன விலைக்கு வாங்கின? டக்குனு சொன்னான். எதுக்காக வாங்கின? "யூட்யூப்ல ஒருத்தர் பிரேக்அவுட் வரும்னு சொன்னாருங்ணா"ன்னான். சரி, எந்த விலைக்கு வந்தா நம்ம கணக்கு தப்புனு ஒத்துக்கிட்டு வெளிய வரணும்னு வாங்குறதுக்கு முன்னாடி நெனச்சிருந்த? அதுக்கு பதில் இல்ல. டீ ஆறிப்போற வரைக்கும் போனையே பாத்துட்டு நின்னான்.

அந்த மூணாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுறேன். நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன், 2019ல இருந்து ஷேர் வாங்கி வித்துட்டு இருக்கேன், 2021ல இருந்து கிரிப்டோவும் கொஞ்சம். இத்தனை வருஷத்துல நான் உறுதியா நம்புற விஷயம் ஒண்ணுதான்: பயத்தையும் ஆசையையும் மனசால அடக்க முடியாது, குவான்டிட்டியாலதான் அடக்க முடியும். பத்து ஷேர் வச்சிருக்கும்போது வராத கைநடுக்கம் ஆயிரம் ஷேர் வச்சிருக்கும்போது வரும், ஷேரும் அதேதான், ஆளும் அதேதான். அதனால தியானம் பண்ணுங்க, பொறுமையா இருங்கனு எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, எவ்வளவு வாங்கணும்ங்கிற கணக்கத்தான் சொல்லப் போறேன்.

முதல் படி: எந்தப் பணம்

ஆறு மாச வீட்டுச் செலவு பேங்க்ல தனியா இருக்கணும். வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், இஎம்ஐ எல்லாம் சேத்து மாசம் 25,000 ஆகுதுன்னா ஒண்ணரை லட்சம். அது இல்லாம ட்ரேடிங் அக்கவுன்ட்ல பணம் போடாதீங்க. நகையை வச்சு, சீட்டு எடுத்து, கிரெடிட் கார்டுல உருவி, ஆப்ல பர்சனல் லோன் வாங்கிப் போடவே போடாதீங்க. கடன் பணத்துக்கு மாசம் பொறந்தா வட்டி கட்டணும், மார்க்கெட்டுக்கு அந்தத் தேதி தெரியாது, அதனால நீங்க பொறுமையா இருக்க வேண்டிய இடத்துல அவசரப்படுவீங்க.

இன்னொரு சின்ன வேலை. சம்பளம் வர்ற அக்கவுன்ட்டை ட்ரேடிங் ஆப்ல லிங்க் பண்ணாதீங்க, தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் ஓபன் பண்ணி மாசம் ஒரு தடவை மட்டும் அதுக்கு மாத்துங்க. நஷ்டமான அன்னைக்கு ராத்திரி "இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டா எடுத்துரலாம்"னு கை போகும்போது யுபிஐல உடனே ஏத்த முடியாத மாதிரி ஒரு தடை இருக்கணும். அந்தத் தடை எனக்கு ரெண்டு மூணு தடவை பெரிய உதவி பண்ணிருக்கு.

ரெண்டாவது படி: ஒரு ட்ரேடுக்கு எவ்வளவு போகலாம்

இதை அவசரமா படிக்காதீங்க, இங்கதான் மொத்த விஷயமும் இருக்கு.

ஒரு லட்சம் வச்சிருக்கீங்க, அதுல பாதி போயிருச்சு, மிச்சம் 50,000. பழைய இடத்துக்கு வர 50% லாபம் போதும்னு தோணும், ஆனா 50,000 ஒரு லட்சமாகணும்னா 100% லாபம் வேணும். 10% போனா 11% எடுத்தா வந்துரலாம். 20% போனா 25%. 80% போயிட்டா 400% வேணும், அதாவது அஞ்சு மடங்காகணும். கீழ போக போக ஏறி வர்ற வழி செங்குத்தாயிட்டே போகும், லாபம் பாக்கலாம்னு வந்து முதலுக்கே மோசமாகுறது இப்படித்தான்.

அதனால புதுசா வர்றவங்க ஒரு ட்ரேடுல மொத்தப் பணத்துல 1%க்கு மேல இழக்கக் கூடாதுனு வச்சுக்கோங்க. ஒரு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய். ரொம்பக் கம்மியா இருக்கேனு தோணுதா? கணக்குப் போட்டுப் பாருங்க. தொடர்ந்து பத்து ட்ரேடு தப்பாப் போகுதுனு வைங்க (போகும், எனக்கு ரெண்டு தடவை போயிருக்கு), ஒவ்வொண்ணுலயும் கையில இருக்குறதுல 1% போனா கடைசியில 90,400 ரூபாய் மாதிரி மிச்சம் இருக்கும். அதே பத்து ட்ரேடு, ஒவ்வொண்ணுலயும் 10% போனா மிச்சம் 34,900 கூட இருக்காது. முதல் ஆளு அடுத்த வாரம் தெளிவா உக்காந்து ட்ரேடு பண்ணுவான், ரெண்டாவது ஆளுக்கு பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் பண்ண தப்பு ஒண்ணேதான்.

ஒரு விஷயத்த குழப்பிக்காதீங்க. 1%ங்கிறது வாங்குற தொகை இல்ல, தப்பானா போற தொகை. 30,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கலாம், ஆனா தப்பானா ஆயிரத்துல வெளிய வந்துரணும்.

மூணாவது படி: மொதல்ல ஸ்டாப் லாஸ், அப்புறம் குவான்டிட்டி

முக்காவாசிப் பேரு தலைகீழா பண்றாங்க. "கையில 50,000 இருக்கு, ஷேர் 450 ரூபாய், அப்ப 111 ஷேர் வாங்கலாம்"னு மொதல்ல குவான்டிட்டியப் போட்டுர்றாங்க, அப்புறம் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தோட வெளிய வந்துர்ற விலை, எங்க வைக்கிறதுனு யோசிக்கிறாங்க. இப்படி மாத்துங்க.

சார்ட்டப் பாத்து எந்த விலைக்குக் கீழ போனா நாம நெனச்சது தப்புனு மொதல்ல எழுதுங்க. 450க்கு வாங்குறீங்க, போன ரெண்டு வாரமா 437, 438ல வந்து வந்து திரும்பிருக்கு, அப்ப 435க்குக் கீழ போனா கதை முடிஞ்சதுனு வச்சுக்கலாம். ஒரு ஷேருக்கு ரிஸ்க் 15 ரூபாய். நீங்க இழக்கத் தயாரா இருக்குறது 1,000. ஆயிரத்த 15ஆல வகுத்தா 66. அவ்வளவுதான், 66 ஷேர், 29,700 ரூபாய். அதே ஷேர் ரொம்ப ஆடுற நேரத்துல ஸ்டாப் லாஸ 410ல தான் வைக்க முடியும்னா ரிஸ்க் 40 ரூபாய், அப்ப 25 ஷேர்தான். மார்க்கெட் ஆட ஆட உங்க குவான்டிட்டி தானா சுருங்கிரும், அதுதான் இந்தக் கணக்கோட அழகு.

டார்கெட்டு குறைஞ்சது ரெண்டு மடங்கு இருக்கட்டும், 15 ரூபாய் ரிஸ்க்குக்கு 30 ரூபாய், அதாவது 480. அப்படி வச்சா பத்துல நாலு ட்ரேடு சரியாப் போனாக்கூட நாலு ரெண்டாயிரம் எட்டாயிரம், ஆறு நஷ்டம் ஆறாயிரம், மிச்சம் ரெண்டாயிரம், அதுல ப்ரோக்கரேஜ், எஸ்டிடி (ஷேர் வாங்கி விக்கிறதுக்குப் போடுற வரி), ஜிஎஸ்டி எல்லாம் போகும். ஒவ்வொரு நாளும் ப்ரோக்கர் மெயில்ல அனுப்புற கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து சார்ஜ் எவ்வளவு போகுதுனு ஒரு மாசம் பாருங்க, தினமும் நாலு தடவை வாங்கி விக்கிற ஆசை அதப் பாத்தாலே பாதி குறைஞ்சிரும்.

நாலாவது படி: ஸ்டாப் லாஸை மனசுல வைக்காதீங்க, சிஸ்டத்துல போடுங்க

"மனசுல ஸ்டாப் லாஸ் வச்சிருக்கேன்"னு சொல்றவங்க யாரும் அந்த விலையில வெளிய வந்து நான் பாத்ததில்ல. 435 வந்ததும் "432ல சப்போர்ட் இருக்கு"னு தோணும், 432 வந்ததும் "இவ்வளவு விழுந்திருச்சு, இனி எங்க விழப் போகுது"னு தோணும், 400 வந்ததும் "நான் லாங் டெர்ம் இன்வெஸ்டர்"னு ஆயிருவோம்.

வாங்கின உடனே ஆர்டர் போட்டுருங்க. எஸ்எல் (ஸ்டாப் லாஸ்) ஆர்டர்ல ரெண்டு விலை கேட்கும், ட்ரிக்கர் (ஆர்டர் கிளம்புற விலை) ஒண்ணு, லிமிட் (இதுக்குக் கீழ விக்காதேங்கிற விலை) ஒண்ணு. ட்ரிக்கர் 435னா லிமிட்டை 433 மாதிரி கொஞ்சம் தள்ளி வைங்க, ரெண்டையும் ஒரே விலைல வச்சா வேகமா விழும்போது உங்க ஆர்டரைத் தாண்டிப் போயிரும், நீங்க உள்ளயே மாட்டிக்குவீங்க. எஸ்எல் எம்னா ட்ரிக்கர் ஆனதும் என்ன விலையோ அதுக்கு வித்துரும். இது ரெண்டுமே அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான், சாயங்காலம் கேன்சல் ஆயிரும். டெலிவரில (டீமேட் அக்கவுன்ட்டுக்கு எடுத்து) வாங்கி வச்சிருந்தா ஜிடிடி (நீங்க சொன்ன விலை வர்ற வரைக்கும் காத்திருக்குற ஆர்டர்) போடுங்க, பல ப்ரோக்கர்கள்ட்ட அது ஒரு வருஷம் வரைக்கும் நிக்கும். ஆனா புதுசா வர்ற நிறையப் பேருக்குத் தெரியாதது, டீமேட்ல இருக்குற ஷேரை விக்க டிடிபிஐ (ப்ரோக்கருக்கு ஒரு தடவை எழுதிக் குடுக்குற அனுமதி) குடுத்திருக்கணும், இல்லைனா அன்னன்னைக்கு டிபின் போட்டு அனுமதி குடுக்கணும். ரெண்டும் இல்லைன்னா ஜிடிடி ட்ரிக்கர் ஆகி விக்காமலேயே ரிஜெக்ட் ஆகிரும். ஜிடிடிய நம்பி நிம்மதியா தூங்குறதுக்கு முன்னாடி உங்க அக்கவுன்ட்ல டிடிபிஐ ஆக்டிவா இருக்கானு பாத்துருங்க.

வாங்கும்போது சிஎன்சி, எம்ஐஎஸ்னு ரெண்டு பட்டன் வரும், அதையும் கவனிங்க. சிஎன்சினா டெலிவரி, உங்க பணத்துக்கு மட்டும். எம்ஐஎஸ்னா இன்ட்ராடே (அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கிறது), அஞ்சு மடங்கு வரைக்கும் கடனாக் குடுப்பாங்க, நீங்க விக்கலைனாலும் மூணேகால் மூணு இருபது மணி வாக்குல அவங்களே வித்துருவாங்க. தெரியாம எம்ஐஎஸ்ல போட்டுட்டு "என் ஷேரைக் காணோம்"னு தேடின ஆளுங்கள எனக்குத் தெரியும்.

ஸ்டாப் லாஸும் காப்பாத்தாத நாள் உண்டு. 2020 மார்ச் 5ஆம் தேதி சாயங்காலம் யெஸ் பேங்க் மேல ரிசர்வ் பேங்க் கட்டுப்பாடு போட்டுச்சு, டெபாசிட்காரங்க 50,000க்கு மேல எடுக்க முடியாதுனு. மறுநாள் அந்த ஷேர் ஒரே நாள்ல பாதிக்கு மேல விழுந்து பதினாறு ரூபாய் கிட்ட முடிஞ்சுது. முந்தின நாள் 35ல ஸ்டாப் லாஸ் நெனச்சிருந்தவங்களுக்கு காலைல அந்த விலையே கிடைக்கல. அதே ஷேர் 2018 ஆகஸ்ட்ல 400க்கு மேல இருந்துச்சு, "நல்ல பேங்க், விலை குறைஞ்சிருக்கு"னு 300லயும் 200லயும் 100லயும் ஆவரேஜ் பண்ணிட்டே வந்தவங்க எத்தனை பேரு. அதனால ராத்திரி தாண்டி வச்சிருக்குற எதுலயும், ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் சரி, மொத்தப் பணத்துல ஒரு ஷேருக்கு 20, 30 பர்சன்ட்டுக்கு மேல போடாதீங்க.

அஞ்சாவது படி: முதல் ஒரு வருஷம் கடன் வாங்கி ட்ரேடு கிடையாது

ஆப்ஷன், ஃபியூச்சர் (கொஞ்சம் பணம் கட்டி பெரிய தொகைக்குப் பந்தயம் மாதிரி போடுற ஒப்பந்தங்கள், சுருக்கமா எஃப் அண்ட் ஓ) பக்கம் முதல் வருஷம் போகாதீங்க. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓல ட்ரேடு பண்ண தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல, அதுல 93% பேருக்கு நஷ்டம், சராசரியா ஒருத்தருக்கு ரெண்டு லட்சம் மாதிரி, மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. இன்ட்ராடேல ஷேர் பண்றவங்கள்லயே 2022-23ல பத்துல ஏழு பேருக்கு நஷ்டம்னு அதே வருஷம் ஜூலைல சொல்லிருந்தாங்க. இவங்க எல்லாரும் விவரம் தெரியாதவங்க இல்ல, உங்கள மாதிரி என்னை மாதிரி படிச்சு வேலை பாக்குறவங்கதான்.

கடன் என்ன பண்ணும்னு நான் கண்ணால பாத்த வாரம் 2024 ஜூன் முதல் வாரம். லோக்சபா தேர்தல் எக்ஸிட் போல் வந்து 3ஆம் தேதி திங்கக்கிழமை நிஃப்டி (50 பெரிய கம்பெனி ஷேர்களோட குறியீடு) ஒரே நாள்ல 3%க்கு மேல ஏறி 23,263ல முடிஞ்சுது. எங்க ஆபீஸ்ல அன்னைக்கு டிஸ்பாட்ச் பசங்க வரைக்கும் கால் ஆப்ஷன் (ஏறும்னு போடுற ஆப்ஷன்) வாங்கினாங்க, வாங்காதவன் ஏமாளிங்கிற மாதிரி ஒரு காத்து அடிச்சுது. மறுநாள் ரிசல்ட், நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்து 21,884. வெள்ளிக்கிழமை, அதாவது 7ஆம் தேதி, நிஃப்டி திரும்ப 23,290. நாலு நாள்ல போனது வந்திருச்சு. திங்கக்கிழமை முடிஞ்ச விலையில சொந்தப் பணத்துல நிஃப்டி ஈடிஎஃப் (நிஃப்டி ஷேர்களை அப்படியே வச்சிருக்குற ஃபண்ட்) வாங்கினவனுக்குக்கூட வெள்ளிக்கிழமை நஷ்டம் இல்ல. ஆனா ஆப்ஷனும் ஃபியூச்சரும் வச்சிருந்தவனுக்கு செவ்வாய்க்கிழமை மத்தியானமே எல்லாம் முடிஞ்சிருச்சு, ஆப்ஷன் வாங்கினவன் போட்ட காசு கரைஞ்சிருச்சு, ஃபியூச்சர்காரனுக்கு மார்ஜின் (ஈடாக் கட்டின பணம்) பத்தலைனு ப்ரோக்கர் சிஸ்டமே க்ளோஸ் பண்ணிருச்சு, வெள்ளிக்கிழமையப் பாக்குறதுக்கு அவன்கிட்ட எதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும் பயம் ஒரே அளவுதான் இருந்திருக்கும், ஒருத்தனால காத்திருக்க முடிஞ்சுது, இன்னொருத்தனால முடியல.

கிரிப்டோ ஃபியூச்சர்ல இது இன்னும் மோசம். 25 மடங்கு லெவரேஜ்னு (கடனா எடுத்துப் போடுறது) ஆப்ல ஒரு ஸ்லைடர் இருக்கும், விரலால இழுத்தா போதும். 25 மடங்குனா விலை 4% எதிர்த்தாப்ல போனா உங்க பணம் காலி, பிட்காயின் 4% ஆடுறது சாதாரண நாள். 2025 அக்டோபர் 10ஆம் தேதி, சீனா மேல 100% கூடுதல் வரினு ட்ரம்ப் அறிவிச்சதும் ஒரே நாள்ல உலகம் முழுக்க 1,900 கோடி டாலருக்கு மேல லெவரேஜ் பொசிஷன்கள் லிக்விடேட் ஆச்சு, அதாவது எக்ஸ்சேஞ்சே வலுக்கட்டாயமா மூடிருச்சு. நம்ம ஊர்ல அப்ப நடுராத்திரி தாண்டிருச்சு, தூங்கி எழுந்தா அக்கவுன்ட் ஜீரோ.

ஆறாவது படி: கிரிப்டோவுக்குத் தனிக் கணக்கு

ஷேரும் கிரிப்டோவும் ஒரே மாதிரி சார்ட்டு காட்டுது, அதனால ஒண்ணுதான்னு நெனச்சுராதீங்க. பல ஷேர்ல சர்க்யூட் (ஒரு நாள்ல இவ்வளவுக்கு மேல ஏறவோ இறங்கவோ விடாத வரம்பு) இருக்கு, மூணரை மணிக்கு மணி அடிச்சிரும், சனி ஞாயிறு லீவு. கிரிப்டோவுக்கு இது எதுவும் கிடையாது. பிட்காயின் 2021 நவம்பர்ல 69,000 டாலர் கிட்டப் போயி அடுத்த நவம்பர்ல 16,000க்கும் கீழ வந்துச்சு. அது பெரிய காயின், திரும்ப ஏறிருச்சு. லூனா 2022 ஏப்ரல்ல 115 டாலருக்கு மேல இருந்துச்சு, மே மாசம் நடுவுல ஒரு பைசா கூடப் பெறல, பெரிய வீழ்ச்சி ஒரு வாரத்துக்குள்ள நடந்தது. "டிப்ல வாங்குறேன்"னு 60 டாலர்ல வாங்கினவன் 20ல வாங்கி, 2ல வாங்கி, எல்லாமே போச்சு.

அதனால ட்ரேடிங்குக்குனு ஒதுக்கின பணத்துல 10%க்கு மேல கிரிப்டோல வேண்டாம்ங்கிறது என் கருத்து. அதுலயும் ஒரு ட்ரேடுக்கு ரிஸ்க் அரை பர்சன்ட்.

வரி விஷயத்த சரியாப் புரிஞ்சுக்கோங்க, இது தெரியாமலே நிறையப் பேரு லாபம்னு நெனச்சுட்டு இருக்காங்க. 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். ஒரு காயின்ல போன நஷ்டத்த இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போக முடியாது. ஒரு காயின்ல 40,000 லாபம், இன்னொண்ணுல 40,000 நஷ்டம்னு வைங்க, கையில ஒண்ணும் நிக்கல, ஆனா 12,480 ரூபாய் வரி கட்டணும். அது போக ஒவ்வொரு தடவை விக்கும்போதும் விக்கிற மொத்தத் தொகையில 1% டிடிஎஸ் பிடிப்பாங்க. 50,000 ரூபாயை இருபது தடவை சுத்தி வித்தா 9,000 ரூபாய்க்கு மேல டிடிஎஸ்ல மாட்டிக்கும், ரிட்டர்ன் ஃபைல் பண்ணி வரில கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும், ஆனா அது வரைக்கும் உங்க கேப்பிட்டல்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கையில இல்ல. அடிக்கடி வாங்கி விக்கிற ஆட்டத்துக்கு நம்ம நாட்டுச் சட்டத்துல கிரிப்டோ ஒத்து வராதுங்கிறதுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விக்கிற தளம். எஃப்டிஎக்ஸ்ங்கிற பெரிய வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பர்ல திவாலாச்சு. இந்தியாவுல வாசிர்எக்ஸ்ல 2024 ஜூலைல 23 கோடி டாலர் கிட்ட ஹேக் ஆச்சு, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல மக்களால கிரிப்டோவை வெளிய எடுக்க முடியல. காயின் விலை ஏறுது, பாத்துட்டே இருக்கணும், தொட முடியாது. மொத்தத்தையும் ஒரே எக்ஸ்சேஞ்ச்ல வைக்காதீங்க, ரொம்ப நாளைக்கு வைக்கிறதா இருந்தா சொந்த வாலட் கத்துக்கோங்க, அந்தப் பன்னெண்டு இல்ல இருபத்திநாலு வார்த்தை சீட்ஃப்ரேஸ (வாலட்டைத் திறக்குற சாவி) பேப்பர்ல எழுதி வைங்க, போட்டோ எடுத்து வைக்காதீங்க, கஸ்டமர் கேர்னு சொல்லி எவன் கேட்டாலும் குடுக்காதீங்க. பி2பில (ஆளுக்கு ஆள் நேரா விக்கிறது) முன்பின் தெரியாத ஆளுக்கு யுஎஸ்டிடி (டாலர் விலையிலயே நிக்கிற காயின்) வித்தா, அவன் அனுப்புற பணம் எங்கயோ மோசடி பண்ண பணமா இருந்து, வேற ஸ்டேட் சைபர் க்ரைம் போலீஸ் உங்க பேங்க் அக்கவுன்ட்டை முடக்கிற நெலமை வரும், இது நம்ம பக்கமும் நடக்குது.

டெலிகிராம்ல, வாட்ஸ்அப்ல "தினமும் 5% லாபம்"னு க்ரூப்ல சேத்து, அவங்க சொல்ற ஆப்ல பணம் போடச் சொன்னா அது ட்ரேடிங்கே இல்ல, திருட்டு. ஸ்க்ரீன்ல லாபம் காட்டும், எடுக்கப் போனா "மொதல்ல டாக்ஸ் கட்டுங்க"னு கேப்பான். மாட்டிட்டீங்கனா வெக்கப்படாம உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

ஏழாவது படி: மனசு எப்ப நம்ம பேச்சக் கேக்காதுனு தெரிஞ்சு வச்சுக்கோங்க

2023ல ஒரு வியாழக்கிழமை, அப்பல்லாம் நிஃப்டி எக்ஸ்பயரி (ஆப்ஷன் காலாவதியாகுற நாள்) வியாழன்தான், ஒரு லாட்டுக்கு 50 எண்ணம். காலைல பத்தே கால் வாக்குல ரெண்டு லாட் புட் (இறங்கும்னு போடுற ஆப்ஷன்) வாங்கினேன், 42 ரூபாய். 28ல ஸ்டாப் லாஸ் அடிச்சுது, 1,400 போச்சு. அதுவரைக்கும் சரிதான், திட்டம் போட்ட நஷ்டம். ஆனா நான் வெளிய வந்த அஞ்சு நிமிஷத்துல மார்க்கெட் நான் நெனச்ச பக்கம் கொஞ்சம் திரும்புச்சு, "பாத்தியா, நான் சரியாத்தான் சொன்னேன்"னு உள்ள ஒரு சூடு. ஆறு லாட், 35 ரூபாய். 19ல வித்தேன், 4,800. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு, இனி சாண் என்ன முழம் என்னனு அந்த நிமிஷம் நெஜமாவே தோணுச்சு. ரெண்டு மணிக்கு இருபது லாட், 18 ரூபாய்ல, ஸ்டாப் லாஸ் போடல. மூணு இருபதுக்கு ஒரு ரூபாய்ல வித்தேன். அதுல மட்டும் 17,000. மொத்தம் 23,200. 1,400 ரூபாய் நஷ்டத்த ஏத்துக்க முடியாம 23,200 ஆக்கினேன். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல பொண்ணு ஸ்கூல் டூருக்கு 600 ரூபாய் கேட்டா, "அடுத்த மாசம் பாக்கலாம்"னு சொன்னேன். அது இன்னும் உறுத்துது.

அதுல இருந்து எனக்குனு வச்சுக்கிட்ட விதிகள் சொல்றேன். ஒரே நாள்ல ரெண்டு ஸ்டாப் லாஸ் அடிச்சா ஆப்பை லாக்அவுட் பண்ணிட்டு போனை டிராயர்ல போட்டுருவேன், சில ப்ரோக்கர் ஆப்ல கில் ஸ்விட்ச்னு இருக்கும், அத ஆன் பண்ணா அன்னைக்குத் திரும்ப ட்ரேடு பண்ண முடியாது, இருந்தா பயன்படுத்துங்க. நஷ்டத்துக்கு அப்புறம் குவான்டிட்டி ஏத்தக் கூடாது, குறைக்கலாம். லாபத்துக்கு அப்புறமும் ஏத்தக் கூடாது, ஏன்னா மூணு ட்ரேடு தொடர்ந்து ஜெயிச்சா வர்ற தெனாவட்டு நஷ்டத்துல வர்ற கோபத்த விட ஆபத்து, கோபத்தையாவது நாம கோபம்னு கண்டுபிடிச்சிரலாம், இது தெறமை மாதிரியே வேஷம் போட்டுட்டு வரும்.

ஏறிட்டு இருக்குறதப் பாத்து "விட்டுட்டமே"னு கை துடிக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க. வாங்க நெனைக்கிற விலை, ஸ்டாப் லாஸ், குவான்டிட்டி மூணையும் பேப்பர்ல எழுதிட்டு பதினஞ்சு நிமிஷம் எந்திரிச்சுப் போயிருங்க. திரும்பி வந்து அதே கணக்கு ஒத்து வந்தா வாங்குங்க. பெரும்பாலும் ஸ்டாப் லாஸ் ரொம்பத் தூரத்துல இருக்கும், குவான்டிட்டி எட்டு பத்துனு வரும், அதப் பாத்ததுமே ஆசை வடிஞ்சிரும்.

ட்ரேடிங்ல விழுற ஷேரை ஆவரேஜ் பண்ணாதீங்க. மாசாமாசம் இன்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்ஐபி போடுறது வேற, அது நல்லது. நாலு நாளைக்குனு வாங்கின ஷேர் விழுந்ததும் மேல மேல வாங்குறது, நாம சொன்னது தப்புனு ஒத்துக்க மனசு வராததுக்குக் குடுக்குற விலை.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பிட்காயின் விலை பாக்குறீங்கனா அந்த பொசிஷன் உங்களுக்குப் பெருசு. விரலுக்கேத்த வீக்கம் வேணும். காலைல பாதிய வித்துருங்க, அப்பவும் தூக்கம் வரலைனா அதுல பாதிய வித்துருங்க, தூக்கம் வர்ற அளவுதான் உங்க அளவு.

எட்டாவது படி: நோட்டு

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க, எக்ஸெல் வேண்டாம், கையால எழுதுங்க. என் நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கும்: 450ல வாங்கினது, ஸ்டாப் லாஸ் 435, டார்கெட் 480, 66 ஷேர், போனா 990. அதுக்குக் கீழ ஒரு வரி, "ரெண்டு வாரமா 437ல திரும்புது, அதனால வாங்குறேன்". அதுக்கும் கீழ, வித்ததுக்கப்புறம் எழுதினது, "462ல பயந்து வித்துட்டேன், எந்தக் காரணமும் இல்ல, காலைல வீட்டுல சண்டை". இந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். ஆறு மாசம் கழிச்சு திருப்பிப் பாத்தப்ப தெரிஞ்சுது, நான் டார்கெட் வர்றதுக்கு முன்னாடி அவசரமா வித்ததுல பாதிக்கு மேல திங்கக்கிழமையும், ஜிஎஸ்டி வேலை நெருக்குற நாள்லயும்தான். இப்ப அந்த நாள்ல ட்ரேடு பண்றதில்ல.

மொதல் மூணு மாசம் பணமே போடாம நோட்டுல மட்டும் வாங்கி விக்கலாம். அப்புறம் ஒரு ஷேர், ரெண்டு ஷேர்னு நெஜப் பணத்துல பண்ணுங்க, ஏன்னா நெஜமா நூறு ரூபாய் போறப்ப வர்ற வலி பேப்பர்ல வராது, அந்த வலி எப்படி இருக்குனு சின்னதுல பழகிக்கணும்.

எப்ப நிறுத்தணும்

ஒரு மாசத்துல மொத்தப் பணத்துல 5% போயிட்டா அந்த மாசம் முடிஞ்சுது, ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுவும் வாங்காதீங்க. 15% போயிட்டா மூணு மாசம் நிறுத்திட்டு நோட்டைப் படிங்க.

நஷ்டத்த வீட்டுல மறைக்க ஆரம்பிச்சுட்டீங்க, கடன் வாங்கிப் போட்டுட்டீங்க, விட்டத எடுத்தே ஆகணும்ங்கிற நெனப்பு சாப்பிடும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஓடுதுனா, இந்தக் கட்டுரைல இருக்குற எந்தக் கணக்கும் இப்ப உங்களுக்கு இல்ல. மொதல்ல ஆப்பை டெலீட் பண்ணுங்க, மனைவிகிட்டயோ அண்ணன்கிட்டயோ முழுத் தொகையையும் சொல்லுங்க, பாதி சொல்லாதீங்க. நம்ம ஊர்ல இதால உசுர விட்டவங்க இருக்காங்க, அவங்கள்ல பலபேரு கடைசி வரைக்கும் வீட்டுல சொல்லவே இல்ல. யார்ட்டயும் சொல்ல முடியலைனா 14416, டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச நம்பர், நாள் முழுக்க எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

அந்தத் தம்பி நேத்து நோட்டோட வந்தான். முதல் பக்கத்துல அவன் வச்சிருக்குற அஞ்சு ஷேர், ஒவ்வொண்ணுக்கும் நேரா எதுக்கு வாங்கினது, எந்த விலைல வெளிய வரணும்னு எழுதிருந்தான். ரெண்டுக்கு காரணமே எழுத முடியலனு அத வித்துட்டானாம், 3,700 நஷ்டம். "வித்ததுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு பர்சன்ட் ஏறிருச்சுங்ணா"ன்னான். அதையும் நோட்டுல எழுதிக்கச் சொன்னேன்.